நடுவில் நிற்கும் குரல்

அந்த வீட்டில் அழைப்பு மணி இல்லை. மணி இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். தொங்கும் கம்பியைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. ஆனால் அன்றைக்கு வந்தது வேலைக்கு அல்ல, பழைய ஸ்பீக்கர் வாங்க. ஒரு கையைப் பைக்குள் அடக்கிக்கொண்டு மறு கையால் கதவைத் தட்டினான்.

திறந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். வணக்கம் சொல்ல அவன் வாயெடுப்பதற்குள் தன் உதட்டில் விரலை வைத்து, உள்ளே வரும்படி கையசைத்தாள். கூடத்தைத் தாண்டிப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பழைய பசையும் தூசியும் கலந்த வாசனை. மரத்துக்குள் ஏதோ வெகுநாளாக வெந்துகொண்டிருப்பதைப் போன்ற ஒரு சூடு.

ஸ்பீக்கர்கள் இரண்டும் இடுப்பு உயரம். தேக்கு நிறம், மூலைகளில் ஒரு கீறல் இல்லை. முன்பக்கத் துணி கூட அசல். அவனுக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆசை வெட்கம் அறியாது என்பது ஸ்பீக்கர் பைத்தியங்களைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் எதிரே, சரியாக நடுவில், ஒரு நாற்காலி. அதில் வயதான அம்மாள் ஒருத்தி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆனாலும் அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எந்த வருஷத்துப் பெட்டிங்க?" என்றான் அவன்.

அந்தப் பெண் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். வந்த பிறகுதான் பேசினாள்.

"அந்த ரூம்ல பேசாதீங்க. அம்மாவுக்கு ஆகாது. அப்பா போன மாசம் தவறிட்டாரு. நீங்க குடுக்கறதைக் குடுத்துட்டு இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

துக்க வீடு, அதுதான் இப்படி என்று நினைத்துக்கொண்டான். அவன் கொடுத்ததை அவள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

வேனோடு வந்திருந்தவன் அவனுடைய நண்பன். டிவி ரிப்பேர் கடைக்காரன். அடுத்த தெருவில் பேசினாலும் இந்தத் தெருவில் கேட்கும் என்பதால் எல்லோருக்கும் அவன் 'ஐம்பது வாட்'. இருவரும் பெட்டிகளைத் தூக்கி ஏற்றும்போது அந்த அம்மாள் வாசல்வரை வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு ஆட்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்து, பெருக்கல் குறி போல, அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். மறுபடியும் காட்டினாள்.

"திருப்பித் தரக்கூடாதுங்கறாங்க போல," என்றான் ஐம்பது வாட்.

"கவலைப்படாதீங்கம்மா. திருப்பித் தரவே மாட்டேன்," என்று அவன் சிரித்தான்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

*

வீட்டில் முன்னறையின் ஒரு பக்கச் சுவர் அவனுடையது என்று கல்யாணமான வருடமே ஒப்பந்தமாகியிருந்தது. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமையும் பகல் வேலை இருக்கும். அந்த மதியங்களில் அவனும் மகளும் மட்டும்தான் வீட்டில். மகளுக்கு நான்கு வயது. வீட்டில் அவளைப் 'பொட்டு' என்று கூப்பிடுவார்கள், பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள்.

பொட்டுவுக்குப் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது, புத்தி நன்றாக இருந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஒன்றரை வருடமாகப் பேச்சுப் பயிற்சி. டீச்சர் ஒரு நோட்டு கொடுத்து, அவள் புதிதாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் தேதி போட்டு எழுதச் சொல்லியிருந்தார். முதல் பக்கத்தில் 'அம்மா'. ஒரு மாதம் கழித்து 'அப்பா'. பிறகு தண்ணி, பூனை, சூடு, காக்கா, டாட்டா, வேணாம், இன்னும். இதுவரை முப்பத்தொரு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் அவனும் மனைவியும் பட்டபாடு அவர்களுக்குத்தான் தெரியும். மற்ற வீடுகளில் பிள்ளைகள் வாயை மூடு என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஞாயிறு பெட்டிகளை இணைத்து, ஒரு பழைய இசைத்தட்டைப் போட்டான். ஏதோ ஒரு பாடகி. அட்டை கிழிந்துபோனதால் பெயர் தெரியாது. ஊசி பதிந்தது. பாட்டு வந்தது. ஆனால் சரியில்லை. குரல் எங்கேயோ மூலையில், சுவருக்குப் பின்னால், எங்கும் இருந்து எங்கும் இல்லாமல் அலைந்தது.

காரணம் அவனுக்கு உடனே தெரிந்தது. இரண்டு ஸ்பீக்கரிலும் காகிதக் கூம்பு ஒரே நேரத்தில் முன்னால் தள்ள வேண்டும். ஒன்று தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், நடுவில் எதுவும் மிஞ்சாது. எங்கோ பிளஸ்ஸும் மைனஸ்ஸும் மாறியிருக்கிறது. ஒரு பேனா பேட்டரியைக் கம்பியில் தொட்டுப் பார்த்தான். வலது கூம்பு முன்னால் வந்தது. இடது கூம்பு பின்னால் போனது.

இடது பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றினான். உள்ளே சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாற்றிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. மேலே கெட்டியாக அரக்கு ஊற்றி மூடியிருந்தது. ஒரு முறை அல்ல, மூன்று நான்கு முறை ஊற்றிய அடுக்கு தெரிந்தது.

"அரக்கு வேற வச்சிருக்காரு மனுஷன்," என்று சிரித்துக்கொண்டான். "தப்பைப் பண்ணிட்டு அதுக்குப் பூட்டு வேற."

லிஃப்ட் வேலையில் இருபது வருடம். தப்பாகப் போட்ட கம்பியை அப்படியே விட்டுவிட்டுப் போனதாக அவன் சரித்திரத்தில் இல்லை. கத்தியால் அரக்கைச் சுரண்டினான். கம்பிகளை மாற்றிச் சரியாகப் பற்றவைத்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியும் இப்படித்தான் பெருமையோடு ஊதியிருப்பான்.

மறுபடி ஊசியை வைத்தான்.

பாடகி அறைக்குள் வந்தாள்.

இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெறும் சுவருக்கு முன்னால், ஆள் உயரத்தில் அவள் குரல் நின்றது. உதடு பிரியும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. கண்ணை மூடினால் இரண்டடி எட்டிக் கையைத் தொட்டுவிடலாம். அங்கே யாரும் இல்லை என்பது தெரியும், நல்ல ஜோடி ஸ்பீக்கர் செய்யும் மாயம் இது என்பதும் தெரியும். இருந்தும் அவனுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடம் இதற்காகத்தானே அலைந்தான்!

பொட்டு தரையில் உட்கார்ந்து நடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. ஊசி எழுந்து ஓரத்துக்குப் போனது. அறை அமைதியானது.

நடுவில் மட்டும் மூச்சு வாங்கும் சத்தம் நிற்கவில்லை.

ஒருத்தி பேச ஆரம்பிக்கும் முன் இழுக்கும் மூச்சு. இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் பழசு, அதன் இரைச்சலாக இருக்கும் என்று அவன் சுவிட்சை அணைத்தான்.

"வேணாம்," என்றாள் பொட்டு, சுவரைப் பார்த்து.

*

முதலில் போனது 'வேணாம்'.

போனதை யாரும் கவனிக்கவில்லை. பாலைக் கொடுத்தால் வேணாம், சீப்பை எடுத்தால் வேணாம் என்று காலையிலேயே அமர்க்களம் பண்ணுகிறவள், நான்கு நாளாக எல்லாவற்றுக்கும் தலையைத் திருப்பிக்கொண்டாளே தவிர வாய் திறக்கவில்லை. மனைவிக்குச் சந்தோஷம்.

"என்னங்க, உங்க பொண்ணு திடீர்னு நல்ல பிள்ளையாயிட்டா?"

"எல்லாம் நல்ல பாட்டு கேக்கறதால," என்றான் அவன்.

அடுத்த வாரம் 'தண்ணி' போனது. பொட்டு மனைவியின் கையைப் பிடித்துக் குழாய்வரை இழுத்துப் போய்க் காட்டினாள். "தண்ணின்னு சொல்லு. சொல்லும்மா. நேத்திக்குச் சொன்னியே!" மகள் வாயைத் திறந்தாள், நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, சத்தம் வரவில்லை. சத்தம் வராதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது போலும். தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டீச்சரிடம் ஓடினார்கள். சில பிள்ளைகளுக்கு வந்த சொல் பின்வாங்குவது உண்டு, பயப்படாமல் பார்ப்போம் என்றார். தலைக்குப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. நோட்டில் மனைவி 'தண்ணி'க்கு மேல் ஒரு கோடு போட்டாள். கோடு போட்டுவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு தினமும் ஒன்றிரண்டு கோடுகள் கூடின.

அந்த ஞாயிறு அவன் பாட்டுக் கேட்கவில்லை, மனசு வரவில்லை. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஐம்பது வாட் புதுப்பெட்டியைப் பார்க்க வந்தான். நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பி. அண்ணன் கேப்பான், தம்பி பேசுவான். ஆனா தம்பிக்குக் கேக்கவும் தெரியும். கம்பியைத் திருப்பிப் போட்டா ஸ்பீக்கரே மைக்தான்." வாயைப் பெட்டிகளுக்கு நடுவில் கொண்டுபோனான். "ஹலோ! ஹலோ! கேக்குதா? ஹலோ!"

பொட்டு சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சிரித்தாள். அதற்காக ஐம்பது வாட் இன்னும் நான்கு முறை ஹலோ சொன்னான்.

இரண்டு நாள் கழித்துக் கடையிலிருந்து போன் வந்தது. எடுத்தால் எதிர்முனையில் மூச்சு மட்டும்.

"யாரு?"

"நான்தான்பா," என்றது ஐம்பது வாட்டின் குரல், வழக்கத்துக்கு மாறாகச் சின்னதாக. "ஒரு விஷயம். சிரிக்காதே. போனை எடுத்தா மொதல்ல ஒண்ணு சொல்லுவோமே, அது எனக்கு வர மாட்டேங்குது. வாய் அசையுது, சத்தம் வரல. கடைக்கு வர்றவங்க எல்லாம் நான் கோவமா இருக்கேன்னு நினைக்கிறாங்க."

அவன் கையில் போனோடு முன்னறைக்குத் திரும்பிப் பார்த்தான். மதிய வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரியவில்லை. பொட்டு இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று, தன் பிளாஸ்டிக் டம்ளரைச் சுவரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி," என்றது குரல்.

அவள் குரல். 'த'வில் லேசாக நாக்கு சறுக்கும் அதே குரல்.

அவள் வாய் மூடியிருந்தது.

*

ஸ்பீக்கர் விற்ற பெண்ணுக்குப் பத்து முறை போன் செய்தான். எடுக்கவில்லை. வேலையிலிருந்த மனைவியை உடனே வீட்டுக்கு வரவழைத்து, மகளை அவள் கையில் கொடுத்து, முன்னறைக் கதவைப் பூட்டிவிட்டு அந்த வீட்டுக்குப் போனான். கதவைத் தட்டியதும் அவள் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"அரக்கைப் பிரிச்சிட்டீங்களா?"

"கம்பி தப்பா இருந்துச்சு. சரி பண்ணினேன்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது தப்பு இல்லீங்க. அப்பா தெரிஞ்சேதான் மாத்தி வச்சாரு. நேரா போட்டா நடுவுல வந்து நின்னுக்கும். யாரு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாது. அப்பா வாங்கினப்பவே இருந்துச்சு. அதுகிட்ட நாம என்ன சொன்னாலும் அந்தச் சொல்லை வாங்கி வச்சுக்கும். திருப்பித் தராது. அம்மா நல்லாப் பாடுவாங்க. தினம் அது முன்னாடி உக்கார்ந்து கூடவே பாடுவாங்க. ரெண்டு மாசத்துல ஒரு சொல் மிச்சமில்ல."

அந்த அம்மாள் குறுக்காக வைத்த விரல்கள் அவன் கண் முன் வந்தன. திருப்பித் தராதே என்று அல்ல. கம்பிகள் இடம் மாறியே இருக்கட்டும் என்று.

"சரி, மறுபடி மாத்திட்டா? உள்ள போனதெல்லாம் வந்துடுமா?"

"வராது," என்றாள். "மாத்தினா நடுவுல இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும். அதோட சேர்ந்து அம்மா குரலும். அப்பா ஒரு வருஷம் மாத்தாம வச்சிருந்தாரு. பெட்டிக்குள்ளயாவது அவங்க பேசறது கேக்குதேன்னு. அப்புறம் என் பேச்சும் போக ஆரம்பிச்சுது. எனக்கு அப்போ ஆறு வயசு. என்னைக் காப்பாத்தறதுக்கு அம்மாவை விட்டுட்டாரு."

"கம்பியைக் கழட்டித் தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"கழட்டிப் பார்த்தாரு. அன்னைக்கு அது பெட்டியை விட்டு வெளிய வந்து வீடு பூராப் பேசுச்சு. காலிங் பெல்லுல கூடப் பேசுச்சு. மாத்திப் போட்டாத்தான் அடங்கும்."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? என் பொண்ணுக்கு நாலு வயசு!"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?" அவள் அழுதாள். "அம்மா தினம் அது முன்னாடி போய் உக்கார்ந்து, தன் குரல் கேக்குதான்னு காதை வச்சுக்கிட்டே இருந்தாங்க. எனக்குத் தாங்கல. அத்தனை அரக்கு வச்சிருக்கு, யாரு போய்ப் பிரிக்கப் போறாங்கன்னு நினைச்சேன்."

யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். பாட்டுக் கேட்கத் தெரிந்தவன்தான் பிரிப்பான்.

*

வீட்டுக்கு வந்தபோது முன்னறைக் கதவு திறந்திருந்தது. மனைவி வாசலில் நின்று, வேலையிடத்திலிருந்து வந்த போனில் பேசிக்கொண்டிருந்தாள். சாவி கதவிலேயே தொங்கியது. அவசரத்தில் அவன்தான் எடுக்க மறந்திருந்தான்.

"பொட்டு எங்க?"

"உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தா. இப்பத்தான் உள்ள..." மனைவி திரும்பிப் பார்த்தாள். போனைக் கீழே போட்டாள்.

மகள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பெட்டிகளுக்கு முன்னால், மிக அருகில், முகத்தை நிமிர்த்தி.

"அப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழைப்பது போல. "அப்பா. அப்பா."

அவன் பாய்ந்து அவளைத் தூக்கினான். நெஞ்சோடு அழுத்திக்கொண்டான்.

"இதோ இருக்கேன். அப்பா இதோ. என்னைப் பாரு. நான் யாரு? சொல்லு செல்லம், நான் யாரு?"

பொட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். உதடுகளை ஒன்று சேர்த்தாள். பிரித்தாள்.

சத்தம் வரவில்லை.

"அப்பா," என்றது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

மனைவி ஓடி அருகில் வந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் காதோரம் சொன்னான். மாற்றிப் போட்டால் மிச்சம் இருப்பதாவது நிற்கும். ஆனால் உள்ளே போனதெல்லாம் அழியும். இருபத்தைந்து சொற்கள். அவன் பெயரும் அதில் ஒன்று.

"எனக்குக் கை வரல," என்றான். "உள்ள இருக்கறது அவ குரல்."

மனைவி அவனைப் பார்த்தாள். பிறகு மகளை வாங்கிக்கொண்டாள். வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். எதை விட்டு எதைக் காப்பாற்றுவது என்று அவளுக்குப் பழக்கம் இருந்தது.

"இதோ என் கையில இருக்கறதுதான் நம்ம பொண்ணு," என்றாள் மெதுவாக. "போய் மாத்துங்க."

இடது பெட்டியின் பின்னால் மண்டியிட்டான். பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினான். ஈயம் உருகும் வாசனை எழுந்தது. சிவப்புக் கம்பியை விடுவித்தான்.

"அப்பா," என்றது அவன் காதுக்கு அருகில். "சூடு."

கறுப்புக் கம்பியை விடுவித்தான். இப்போது குரல் பெட்டியில் இல்லை, அறை முழுதும் இருந்தது. ஜன்னலில், கூரையில், அவன் சட்டைக்குள்.

"அப்பா. தண்ணி. பூனை. சூடு. காக்கா. டாட்டா." ஒவ்வொரு சொல்லாக, நோட்டில் எழுதியிருந்த வரிசையில். அவன் முன்னால் நின்று ஒப்பிப்பது போல.

சிவப்பைக் கறுப்பின் இடத்தில் வைத்தான்.

"வேணாம்."

ஒரு மாதமாக அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. கேட்டதும் அவனுக்கு அழுகை முட்டியது. கறுப்பைச் சிவப்பின் இடத்துக்குக் கொண்டுபோனான்.

"வேணாம். அப்பா. வேணாம். வேணா..."

ஈயம் இறுகியது.

அப்படி ஒரு நிசப்தத்தை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, நடுவை ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

*

வேறு யாரும் பிரித்துவிடக்கூடாது என்று பெட்டிகளை அந்த வீட்டிலேயே கொண்டுபோய் இறக்கினான். அந்த அம்மாள் வாசலில் நின்று விரல்களைக் குறுக்காக வைத்துக் கேட்டாள். அவனும் குறுக்காக வைத்துப் பதில் சொன்னான். அவள் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பெட்டிகளுக்கு எதிரே போட்டாள்.

பொட்டுவுக்கு ஆறு சொற்கள் மிஞ்சியிருந்தன. புது நோட்டு வாங்கினார்கள். மூன்று மாதத்தில் பதினோரு சொல் ஆனது. 'தண்ணி' வந்தது. 'சூடு' வந்தது. 'வேணாம்' வந்த அன்று மனைவி தெருவெல்லாம் இனிப்பு கொடுத்தாள். 'அப்பா' மட்டும் வரவில்லை. அவன் தேவைப்பட்டால் அவள் வந்து சட்டையைப் பிடித்து இழுப்பாள். டீச்சர் அவசரப்படாதீர்கள் என்றார். அடுத்த படி இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வது, பேச்சு என்பது அங்கேதான் தொடங்குகிறது என்றார். ஒவ்வொரு வாரமும் அவன் காத்திருந்தான். மகள் ஒரு சொல்லுக்கு மேல் போகவில்லை. பெற்ற மனம் பித்து, வேறென்ன சொல்ல?

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இடையில் நின்றுவிட்டது என்று அழைத்தார்கள். உள்ளே ஆள் யாரும் இல்லை. மேல்மாடி இயந்திர அறைக்குப் போனான். கோளாறு சின்னதுதான். கூண்டுக்குள் இருக்கும் பேச்சுப் பெட்டியும் செத்திருந்தது. அதில் ஒரு சின்ன ஸ்பீக்கர், இயந்திர அறையில் இன்னொரு சின்ன ஸ்பீக்கர். நடுவில் மாடிகளின் ஆழத்துக்கு இருட்டு. இரண்டையும் புதிதாக மாட்டி, பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸ்ஸுக்கு மைனஸ் சரியாக இணைத்தான். பட்டனை அழுத்திச் சோதித்தான்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

இரைச்சல். கம்பிக் கயிறுகள் லேசாக ஆடும் சத்தம்.

பிறகு, யாரோ பேசும் முன் இழுக்கும் மூச்சு.

"அப்பா."

அவன் பட்டனிலிருந்து விரலை எடுத்தான். பட்டனில் எரிந்த விளக்கு அணையவில்லை.

"அப்பா," என்றது குரல். 'ப்'பில் அதே அழுத்தம். கொஞ்சம் வளர்ந்திருந்தது குரல். மூன்று மாதம் கூடியிருந்தது.

"அப்பா, வா."

இரண்டு சொல்.

பயம் வந்திருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். அவனுக்கு வந்தது சந்தோஷம். சேர்த்துச் சொல்லிவிட்டாள். இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டாள் என் பெண்! யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அந்த எண்ணெய் நாறும் அறையில் ஒரு முறை சுற்றி வந்தான். குனிந்து, வாயை ஸ்பீக்கருக்கு அருகில் கொண்டுபோனான்.

"வரேன்," என்றான்.

அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான். பொட்டு தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடுக்கினாள். மனைவி காயவைத்த துணியை மடித்தபடியே கேட்டாள்.

"நாளைக்கு டீச்சர் நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க. நீங்களும் வர்றீங்கல்ல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். சொல் நாக்கில் இருந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"என்னங்க?"

தலையை ஆட்டினான். அவள் திரும்பித் துணியை மடிக்கத் தொடங்கினாள். அவன் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தனக்கு இன்னும் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தான்.

நிறைய இருந்தன.